பேசினுக்குள் ஒரு காசு: ஆசிரியரின் உற்சாகம் வகுப்புக்குத் தொற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, தரம் 11. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை, மற்றது சுற்றியும் பிரயோசனம் இல்லை. மாலை டியூஷனுக்குப் போகும் பையை மேசைமேல் வைத்து அதிலேயே தலைசாய்த்திருந்தார்கள் பாதிப் பேர். அன்றைய பாடம் ஒளி முறிவு. வீட்டில் மீன் கழுவும் பிளாஸ்டிக் பேசின், ஒரு பத்து ரூபாய்க் குற்றி, ஒரு போத்தல் தண்ணீர், இவ்வளவும்தான் நான் கொண்டுபோனது.

காசைப் பேசினின் அடியில் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போது நகர்ந்துவிடும். ஒட்ட எதுவும் இல்லையே என்று நான் தேட, பின்வாங்கில் இருந்த ஒருவன் வாயிலிருந்த சுவிங்கத்தை எடுத்துத் தந்தான். வகுப்பில் சுவிங்கம் தடை. வாங்கிக்கொண்டேன். அவனையே கூப்பிட்டு, பேசின் விளிம்பு காசை மறைக்கும்வரை பின்னால் போகச் சொன்னேன்.

"தெரியுதா?"

"இல்லை சேர்."

"ஆடாமல் நில்லு மகன்." தண்ணீரை மெல்ல ஊற்றினேன். அவன் கண் விரிவதை வகுப்பே பார்த்தது. "சேர், காசு மேல வருது!" அடுத்த நிமிடம் பதினைந்து பேர் பேசினைச் சுற்றி நின்றார்கள். நானும் அவர்களோடு குனிந்து பார்த்தேன். அப்போது முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், இத எத்தின வருசமா செய்யிறீங்க? பிறகும் ஏன் நீங்களும் குனிஞ்சு பார்க்கிறீங்க?"

அன்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இந்தக் கட்டுரை அவளுக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தொற்றுவது நமது சத்தமோ சுறுசுறுப்போ அல்ல, பாடத்தை நாம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் தொற்றுகிறது. அது பிறவிக்குணமும் இல்லை, பழகிக்கொள்ளலாம். கொழும்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரு பாடவேளையும் வைத்துக்கொண்டு பழகுவது எப்படி என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்குமுன்: இது உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. ஜேர்மனியில் ஆன் ஃபிரென்ஸலும் கூட்டாளிகளும் 7ஆம், 8ஆம் தரங்களில் கணிதம் கற்பித்த 71 ஆசிரியர்களையும் அவர்களது 1,542 மாணவரையும் தொடர்ந்து பார்த்து 2009இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர் தன் வகுப்பை அனுபவிக்கிறார் என்றால் பிள்ளைகளும் கணிதத்தை அனுபவிக்கிறார்கள். அந்த அனுபவம் இவரிடமிருந்து அவர்களுக்குப் போகும் வழி, பிள்ளைகள் கண்ணில் படும் அவரது உற்சாகம். ஆசிரியர் மனதுக்குள் மட்டும் ரசித்துக்கொண்டிருந்தால் காணாது, வெளியே தெரியவேண்டும். பின்னர் வந்த ஆய்வுகள் இது இருவழிப் பாதை என்றும் காட்டின. பிள்ளைகள் ரசித்தால் ஆசிரியரின் உற்சாகமும் ஏறுகிறது. உற்சாகம் இல்லாமல் வகுப்புக்குள் நுழைந்த நாளிலும் ஒரு பிள்ளையின் கேள்வி நம்மைத் தூக்கிவிடுகிறதே, அது இதுதான்.

பரீட்சைப் புள்ளியின் கதை வேறு. ஆசிரியருக்கு உற்சாகமாகக் கற்பிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்த 1983ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வொன்றில் பிள்ளைகள் வேலையில் கவனமாக இருந்த நேரம் கூடியது, புள்ளி கூடவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. உற்சாகம் கதவைத் திறந்துவிடும், உள்ளே சாப்பாடு இருக்கவேண்டுமே. ஆசிரியர் கலாசாலையில் 'ஊக்கல்' என்று படித்தோமே, அது இந்த இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கும்.

படி 1: நாளைய பாடத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று தேடுங்கள்

மேரெயிக்கே குண்டர் என்ற ஆய்வாளரின் குழு ஆசிரியர் உற்சாகத்தை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. ஒன்று பாடத்தின்மேல் உள்ள பிரியம், மற்றது அதைக் கற்பிப்பதில் உள்ள பிரியம். வகுப்பின் தரத்தோடு நன்றாக ஒட்டி வந்தது இரண்டாவதுதான். கணிதத்தில் பெரிய புலியாக இருந்து, தரம் 9 பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக்கொடுப்பதைத் தண்டனையாக நினைப்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். எனவே "எனக்கு இந்தப் பாடம் பிடிக்குமா?" என்று கேட்டு நின்றுவிட வேண்டாம். "இதை முதல் தடவை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையா?" என்று கேளுங்கள்.

பாடக்குறிப்பு எழுதும்போது ஓரத்தில் ஒரே ஒரு வசனம் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இதில் எனக்கு இன்னும் விசித்திரமாக இருப்பது…" அதை முடிக்காமல் வகுப்புக்குப் போகாதீர்கள். முதல் வாரம் கஷ்டம். ஆசிரியர் வழிகாட்டியில் இருக்கும் தேர்ச்சி மட்டங்களைப் படித்தால் விசித்திரம் எதுவும் வராது, பாடப்பொருளையே கையில் எடுத்துப் புரட்டவேண்டும்.

வரலாற்று ஆசிரியருக்கு ஒன்று சொல்கிறேன். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக்குரியது, சீனக் கடலோடி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் அதை அடையாளம் கண்டார்கள். அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை சொல்லியிருக்கிறது, தமிழில் தேனாவரையில் வணங்கப்பட்ட இந்துத் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் இஸ்லாமிய முறையில். ஒரே செய்தியை மூன்று மொழியில் பெயர்த்ததல்ல, மூன்று கூட்டத்துக்கும் அவரவர் வணங்கும் இடத்தில் நின்று பேசியிருக்கிறார்கள். "அப்ப காலித் துறைமுகத்தில் அந்தக் காலம் யார் யார் இருந்திருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். அடுத்த தெருவைப்பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

தமிழ் ஆசிரியருக்கு 'நடந்தான்' போதும். நட, த் (ந் ஆக மாறியது), த், ஆன். செய்த வேலை, கடந்த காலம், ஆண், ஒருவன், பேசுபவனோ கேட்பவனோ அல்லாதவன், எல்லாம் ஒரு சொல்லுக்குள். பகுபத உறுப்பிலக்கணத்தைப் பிள்ளைகள் வெறுப்பதற்குக் காரணம், அது பிரித்துக் காட்டும் ஆச்சரியத்தைச் சொல்லாமல் பெயர்ப் பட்டியலை மட்டும் பாடமாக்க வைப்பது.

கணிதத்துக்கு, பூச்சியத்தால் ஏன் வகுக்க முடியாது. "வகுக்கக்கூடாது" என்று சொல்லி நகர்ந்தால் ஒரு சட்டம். 12ஐ 0ஆல் வகுத்த விடையை 0ஆல் பெருக்கினால் 12 வரவேண்டுமே, அப்படி ஒரு எண்ணைத் தேடித் தாருங்கள் என்றால் ஒரு வேட்டை.

எதுவுமே தேறவில்லை என்றால், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் அறையில் சம்பளக் கணக்கும் இடமாற்றக் கதையும் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் குடிமுழுகிப் போய்விடாது.

படி 2: முதல் மூன்று நிமிடத்தை நிர்வாகத்துக்குக் கொடுக்காதீர்கள்

வரவு இடாப்பு, வராதவர் ஏன் வரவில்லை, வீட்டுவேலை செய்யாதவர் எழும்பு, பக்கம் 84ஐத் திறவுங்கோ. பாடவேளையில் பத்து நிமிடம் இப்படிப் போகிறது, அதுவும் பிள்ளைகள் ஓரளவு விழித்திருக்கும் பத்து.

வரிசையை மாற்றுங்கள். நுழைந்தவுடன் பொருளோ கேள்வியோ மேசைமேல் வரட்டும், பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கும்போது இடாப்பைக் குறிக்கலாம். கரையோரப் பாடசாலைக்காரருக்கு வசதி இன்னும் அதிகம். ரயில் வரும்போது ஹோர்ன் சத்தம் கூர்மையாகவும், கடந்து போகும்போது சட்டென்று தணிந்தும் கேட்கிறதே, இத்தனை வருடம் பாடத்தைக் குழப்புகிறது என்று திட்டிய சத்தம் அது. உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் தொப்ளர் விளைவைக் காட்ட நான் இப்போது அதற்காகவே காத்திருக்கிறேன். நேர அட்டவணையை நம்பவேண்டாம், ரயில் தன் இஷ்டத்துக்குத்தான் வரும்.

படி 3: குரலும் கண்ணும் கையும்

மேரி கொலின்ஸ் என்பவர் 1978இல் வெளியிட்ட பயிற்சி ஆய்வு ஒன்றில், வெளியே தெரியும் உற்சாகத்துக்கு எட்டு அடையாளங்களை வரிசைப்படுத்தினார்: ஏற்ற இறக்கமுள்ள குரல், விரிந்த கண்கள், கைச் சைகை, உடல் அசைவு, மாறும் முகபாவம், சொற்தேர்வு, பிள்ளைகளின் கருத்தை ஆவலோடு ஏற்றுக்கொள்ளுதல், மொத்தத் துடிப்பு. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் உண்மையாகவே மாறினார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த செய்தி.

எட்டையும் ஒரே நாளில் செய்யப் போகாதீர்கள், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒன்று எடுங்கள். குரலிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் கொழும்பில் குரல்தான் முதலில் கெடுகிறது. காலி வீதி ஹோர்ன், அரைச்சுவருக்கு அப்பால் பக்கத்து வகுப்பு, மே மாதம் மழை தகரத்தில் விழும் சத்தம் என்று எல்லாவற்றோடும் போட்டி போட்டு ஒரே உச்சத்தில் கத்திப் பழகிவிடுகிறோம். பிள்ளைக்கு அது உற்சாகமாகக் கேட்காது, ஏச்சாகத்தான் கேட்கும்.

முக்கியமான இடத்தில் குரலை இறக்கிப் பாருங்கள். "இப்ப நடக்கப்போறத ஒருத்தரும் நம்ப மாட்டீங்க" என்பதை மெதுவாகச் சொன்னால் பின்வாங்கு முன்னால் சாயும். ஃபோனைச் சட்டைப்பையில் வைத்து உங்கள் ஒரு பாடவேளைக் குரலைப் பதிவு செய்து வீட்டில் கேளுங்கள், பிறகு அழித்துவிடுங்கள். கேட்பது இனிமையாக இருக்காது. நான் ஒரு பாடவேளையில் 31 தரம் "விளங்கிச்சா?" என்று கேட்டிருந்தேன். ஒரு பதிலுக்கும் காத்திருக்கவில்லை.

படி 4: கேள்வி கேட்டபின் வாயை மூடுங்கள்

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டது இது: கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு செக்கன்தான். அதை 3 செக்கனுக்குமேல் நீட்டினால் விடைகள் நீள்கின்றன, சும்மா இருந்த பிள்ளைகள் பேசுகிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கிறார்கள்.

மூன்று செக்கன் என்றால் சின்ன நேரம்போல இருக்கும். வகுப்பில் நின்று பாருங்கள், மூன்று நிமிடம்போலத் தெரியும். நாற்பது முகம் பார்க்க, ஒன்று… இரண்டு… என்று மனதுக்குள் எண்ணவேண்டும். உற்சாகமான ஆசிரியர்கள்தான் இதில் அதிகம் தோற்கிறார்கள். ஆர்வத்தில் தாங்களே விடையைச் சொல்லிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

கொழும்பு வகுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வகுப்பில் யாழ்ப்பாணப் பின்புலம், மலையகத்திலிருந்து வந்த குடும்பம், முஸ்லிம் பிள்ளைகள், வீட்டில் பாதி ஆங்கிலம் பேசுபவர்கள் எல்லாரும் இருப்பார்கள். 'முறிவு' என்றால் ஒரு பிள்ளைக்குக் கை உடைந்தது ஞாபகம் வருகிறது. மனதில் வந்த விடையைப் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்ற அவர்களுக்கு நேரம் வேண்டும். "உங்கட வார்த்தையில சொல்லுங்கோ, பெயர் பிறகு வைப்பம்" என்று ஒரு வசனம் சேர்த்தால் அந்த மூன்று செக்கன் இரட்டிப்புப் பலன் தரும். பேச்சை யாராவது நக்கலடித்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அதில் மட்டும் நான் கண்டிப்பு.

படி 5: பிழையான விடையிடம் ஆசை வையுங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் கனமானது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பேசினைச் சுற்றி நின்றவர்களில் ஒருவன் சொன்னான்: "தண்ணி காசத் தூக்கிட்டுது சேர்." பிழை. இந்த இடத்தில் ஆசிரியருக்கு மூன்று வழி. "பிழை, வேறு யார்?" என்று கேட்கலாம், அவன் இனி இந்தத் தவணை முழுக்கப் பேசமாட்டான். "நல்ல முயற்சி" என்று தலையாட்டிவிட்டு அடுத்தவனைப் பார்க்கலாம், கேட்க இனிமை, ஆனால் அவன் விடையை நீங்கள் கேட்கவேயில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது வழி, அந்த விடையை உண்மையிலேயே எடுத்துக்கொள்வது.

"அட, தூக்கியிருந்தா அடியில இடைவெளி இருக்கவேணுமே? எப்பிடிப் பார்க்கலாம்?"

அவனே அடிமட்டத்தை எடுத்துப் பேசினுக்குள் விட்டான். காசு அசையாமல் அடியில்தான் ஒட்டியிருந்தது, சுவிங்கத்துக்கு நன்றி. ஆனால் அடிமட்டம் தண்ணீரில் வளைந்து தெரிந்தது. இப்போது அவனுக்கு இரண்டு பிரச்சினை. "அப்ப ஏன் மேல தெரியுது?" என்று அவனே கேட்டான், என் வேலை முடிந்தது. காசிலிருந்து வரும் ஒளி தண்ணீரைவிட்டு வளிக்கு வரும்போது செவ்வனிலிருந்து (நீர்ப்பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து) விலகித் திரும்புகிறது, கண்ணோ அது நேராக வந்தது என்று நினைத்துக் காசை மேலே வைத்துப் பார்க்கிறது. இதைச் சொன்னபோது யாரும் தூங்கவில்லை. தண்ணீரின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு திருப்பும் என்பதற்கான அளவு) ஏறத்தாழ 1.33 என்பதால், நேர் மேலிருந்து பார்த்தால் 12 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் 9 சென்ரிமீற்றர்தான் ஆழம்போலத் தெரியும் என்று கணக்கையும் போட்டோம். பெல்லன்வில பக்கம் குளத்தில் இறங்கும்போது ஆழம் குறைவு என்று நம்பாதே என்றான் பின்வாங்குக்காரன். பாடத்திட்டத்தில் இல்லாத நல்ல புத்தி.

கவனியுங்கள், இங்கே நான் துள்ளவில்லை, குரலை உயர்த்தவில்லை. என் உற்சாகம் அவன் யோசனையின்மேல் இருந்தது. கொலின்ஸின் எட்டில் ஏழாவது, பிள்ளைகளின் கருத்தை ஆவலோடு ஏற்பது. மற்ற ஏழையும் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டாலும் ஒரு ஆசிரியர் பிழைத்துக்கொள்வார் என்பது என் அபிப்பிராயம்.

பாராட்டிலும் அதே கணக்கு. எல்லாவற்றுக்கும் "வெரி குட்" என்றால் அது இருமல் மாதிரி ஆகிவிடும். "அடிமட்டத்தால சோதிக்கலாம் எண்டு நினைச்சியே, அதுதான் நல்ல யோசனை" என்று எதைப் பாராட்டுகிறோம் என்பதைச் சொல்லுங்கள்.

படி 6: பேசினைக் கையில் கொடுத்துவிடுங்கள்

டெஸி, ரயன் என்ற இருவரின் ஊக்கக் கோட்பாடு மூன்று தேவைகளைச் சொல்கிறது: தானாகத் தெரிவுசெய்வது, தன்னால் முடியும் என்ற உணர்வு, மற்றவர்களோடு தனக்கு ஒட்டுறவு இருக்கிறது என்ற உணர்வு. ஆசிரியர் மட்டும் உற்சாகமாக இருந்து பிள்ளைக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் அது நாடகக் கொட்டகை. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தெரிவாவது பிள்ளையிடம் இருக்கட்டும், எந்தக் கணக்கை முதலில் செய்வது என்ற அளவுக்காவது.

பின்தங்கிய பிள்ளைக்கு முதலில் வேண்டியது, முடியும் என்ற உணர்வு. அடிப்படை விளங்காதவனுக்கு ஆசிரியரின் உற்சாகம் எரிச்சலைத்தான் தரும்: "இவருக்கு மட்டும் என்ன சந்தோசம்?" அவனுக்கு நீங்கள் துள்ளிக் காட்டுவதைவிடப் பக்கத்தில் இரண்டு நிமிடம் குந்தியிருப்பது மேல்.

படி 7: நடிப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1970இல் அமெரிக்காவில் ஒரு விளையாட்டு நடந்தது. மருத்துவக் கல்வியோடு தொடர்புள்ளவர்களின் கூட்டத்துக்கு 'டொக்டர் ஃபொக்ஸ்' என்ற நிபுணரை அறிமுகப்படுத்தினார்கள். தலைப்பு, மருத்துவக் கல்வியில் கணித விளையாட்டுக் கோட்பாடு. வந்தவர் ஒரு நடிகர். முன்னுக்குப்பின் முரணும் பகிடியும் அர்த்தமற்ற சொல்லும் கலந்து, மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். கேட்ட படித்தவர்கள் நல்ல மதிப்பெண் போட்டார்கள். 1973இல் இது கட்டுரையாக வந்தபின், உற்சாகம் ஏமாற்றும் என்பதற்கு எல்லாரும் காட்டும் உதாரணமாகிவிட்டது.

இதை நானும் ஒரு தரம் செய்திருக்கிறேன், தெரியாமல். ஆரம்ப வருடங்களில் ஒரு பாடசாலையில், பெரிய மண்டபத்தில் மைக் பிடித்துக் கற்பிக்கும் டியூஷன் சேர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு தவணை முழுக்கப் பகிடி, பாட்டு, மேசைமேல் தட்டு என்று வகுப்பைக் கலகலப்பாக்கினேன். பிள்ளைகள் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். தவணைப் பரீட்சை விடைத்தாள் வந்தது. அமிலம், மூலம் பற்றிய வினாவுக்கு ஒரு பிள்ளை நான் சொன்ன பகிடியை எழுதி, அதற்கு மேல் தெரியாது என்று நேர்மையாக முடித்திருந்தாள். அவளுக்கு ஒரு புள்ளியாவது போடத் தோன்றியது.

டியூஷன் சேர்களைக் குறைசொல்லவில்லை, அவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பகிடிக்கும் முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்: பிள்ளை வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால், கூடவே பாடமும் வருமா? காசும் பேசினும் வரும். என் அமிலப் பகிடி தனியாகத்தான் போனது.

இன்னொரு விலையும் உண்டு. உள்ளே இல்லாத உற்சாகத்தை நாள்முழுக்க முகத்தில் ஒட்டிவைக்கும் ஆசிரியர்கள் மனதளவில் அதிகம் களைத்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. சம்பளம் போதாமை, காலை ஐந்து மணிக்குச் சமையல், பஸ்ஸில் நின்றபடி வரவு, எல்லாவற்றுக்கும் மேலே இதுவுமா? வேண்டாம். இயலாத நாளில், "இண்டைக்குச் சேருக்குத் தொண்டை சரியில்லை, நீங்க செய்யுங்கோ, நான் பார்க்கிறன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பொருளைப் பேசவிடுங்கள். பேசினுக்குத் தொண்டைக்கட்டு வராது.

படி 8: சாதாரண தர வகுப்பில் பாஸ்ட் பேப்பரோடு

"இதெல்லாம் தரம் 8க்குச் சரி, பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் யாருக்கு நேரம்?" என்று கேட்பவர்களுக்கு: விஞ்ஞானம் முதலாம் பத்திரத்தில் 40 பல்தேர்வு வினா, ஒவ்வொன்றுக்கும் 4 விடை. சரியான விடையைச் சொல்லி நகர்வதற்குப் பதிலாக, ஒரு வினாவை மட்டும் எடுத்து, "மற்ற மூன்றையும் வினா எழுதினவர் ஏன் போட்டார்? எங்களை எங்க விழுத்தப் பார்க்கிறார்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு இது துப்பறியும் வேலை. ஒவ்வொரு பிழை விடைக்குப் பின்னாலும் ஒரு வழக்கமான தவறு ஒளிந்திருக்கும். அப்புறம், அவர்களையே ஒரு வினா எழுதச் சொல்லுங்கள். நல்ல பிழை விடை எழுதப் பாடம் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் புரியும்.

படி 9: அளந்து பாருங்கள்

வகுப்பு கலகலப்பாக இருந்தது என்பது அளவு அல்ல. இரண்டு வழி போதும். நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரை ஒரு பாடவேளை பின்னால் இருக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வகுப்பை ஒரு பார்வை பார்த்து, வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று மட்டும் கோடு போடட்டும். உங்களைப்பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். எந்த நிமிடத்தில் எண்ணிக்கை விழுகிறது என்று பார்த்தாலே மிச்சம் விளங்கும். எனக்கு விழுந்தது, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நீளமாக எழுதும்போதெல்லாம்.

மற்றது துண்டுக் கடதாசி. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒவ்வொருவரும் பெயரில்லாமல் இரண்டு வரி: இன்று விளங்கியது ஒன்று, இன்னும் கேட்கவேண்டியது ஒன்று. இரண்டாவது வரி வெறுமையாக வந்தால் கவலைப்படுங்கள். எல்லாம் விளங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நாலு வாரம் சேர்த்துவைத்துப் பாருங்கள், கேள்விகள் நீளுகிறதா, புத்தகத்துக்கு வெளியே போகிறதா என்று. பாடவேளையில் பிறந்த ஆர்வம் வீடுவரை போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக் கோப்பில் போடாதீர்கள். போட்டால் அடுத்த வாரமே ஆசிரியர்கள் தாங்களே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைத் துண்டுகளை ரயிலில் வைத்துப் பிரித்தேன். பெரும்பாலும் "விளங்கியது: முறிவு" என்ற ரகம். ஒன்றில் மட்டும் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தது, இரண்டு நாள் பழைய கதையோடு: "சேர், நேற்று முந்தநாள் ட்ரெயிலரா சொன்னீங்களே காசு மேல வரும் எண்டு, அதை வீட்டுல அம்மம்மாவுக்குச் செய்துகாட்டினன். அவ கேட்டா, தண்ணிக்குப் பதிலாத் தேங்காய் எண்ணெய் ஊத்தினா இன்னும் மேல வருமோ எண்டு. ஊத்திப் பார்க்க விடமாட்டன், எண்ணெய் விக்கிற விலைக்கு எண்டும் சொன்னா. வருமா சேர்?"

திங்கட்கிழமை அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயோடு போனேன். பேசின் பெரிது, எண்ணெய் போதாது என்பதால் இந்தமுறை ஐஸ்கிரீம் கோப்பை. சுவிங்கத்தை யாரும் கேட்காமலே மூன்று பேர் நீட்டினார்கள்.